அட்டை இல்லாமல் ஆடிய கோல்ஃப்

சுவிட்சர்லாந்தின் எங்கடின் பள்ளத்தாக்கில் கோல்ஃப் மைதானத்துப் புல் வெட்டுவது என் வேலை. அங்கே விளையாடத் தகுதி அட்டை வேண்டும், என்னிடம் இல்லை. மைதானத்தைப் பனி மூடிய மாதத்தில் ஆஸ்திரேலியா போய், அங்கே வசிக்கும் மச்சானுடன் காரில் சிற்றூர் மைதானங்களைச் சுற்றினேன். ஓரிடத்தில் குழியைச் சுற்றிப் புல்லுக்குப் பதில் மணல். பந்தைக் குழியில் போட்டபின், தடமே தெரியாதபடி அங்கிருந்த பலகையால் மணலை இழுத்துச் சமப்படுத்திக்கொண்டே நின்றேன். பின்னால் நான்கு உள்ளூர்க்காரர்கள் காத்திருந்தார்கள்.

"காணும், விடுங்கோ மச்சான், இது உங்கட சுவிஸ் இல்லை. ஏசப்போறாங்கள்!" என்று மச்சான் அவசரப்படுத்தினார்.

ஒருவர் கிட்ட வந்தார். "என்னிடம் அட்டை இல்லை," என்று நானே முந்திக்கொண்டேன்.

"என்ன அட்டை?" என்று சிரித்தவர், மற்றக் குழிகளின் மணலையும் இப்படிச் செய்து தர முடியுமா, மதியம் தங்களோடு இறைச்சி சுட்டுச் சாப்பிடலாம் என்றார்.

எப்போதும் மச்சானைப் பேசவிடும் நான், அன்று நானே பதில் சொன்னேன்: "செய்து தருகிறேன். முதலில் விளையாடி முடிக்கிறேன்."