திரும்பி வந்த கலயம்

கடலை நான் முதன்முதலில் பார்த்தது சித்தப்பாவுக்குக் காரியம் செய்யப் போனபோதுதான். சித்தப்பா செத்துப்போனார் என்று சொல்ல எங்களுக்கு உடலும் இல்லை, சாட்சியும் இல்லை. ரங்கூனில் அரிசி ஆலை வேலைக்குப் போனவர், யுத்தத்தில் குண்டு விழுந்தபோது மற்றவர்களோடு ஊரைப் பார்க்க நடக்கத் தொடங்கினார் என்பது வரை தகவல் உண்டு. வர வேண்டியவர்கள் வந்து சேர்ந்தார்கள். யுத்தமும் முடிந்து, வெள்ளைக்காரனும் மூட்டை கட்டிவிட்டான். சித்தப்பா மட்டும் வரவில்லை.

சித்தி என் அம்மாவின் தங்கை. அக்காவும் தங்கையும் அண்ணன் தம்பியைக் கட்டி, மேலநீலிதநல்லூர் பக்கத்தில் எங்கள் வீட்டில் ஒன்றாக இருந்தார்கள். எனக்குத் தலை பின்னுவது, சோறு ஊட்டுவது, திட்டுவது எல்லாம் சித்திதான். அம்மாவுக்குப் பருத்திக் காட்டைப் பார்க்கவே பொழுது சரியாக இருந்தது.

எங்கள் ஆட்களில் தாலியறுத்தவள் மறுபடி கட்டிக்கொள்வது உண்டு. கரிவலம்வந்தநல்லூரில் மனைவியை இழந்த ஒருவர் சித்தியைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். ஆனால் புருஷன் செத்தான் என்று முடிவாகாமல் தாலியை யார் எடுப்பது? அப்பா பல நாள் தூங்காமல் யோசித்தார். கடைசியில் அம்மாவிடம், “சின்ன வயசு. எம்புட்டு நாளைக்கு வாசலையே பாத்துக்கிட்டு இருப்பா? தம்பிக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சிருவோம்” என்றார். அன்றைக்குச் சித்தி எனக்குப் பின்னிய சடை வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தது. நான் அவள் போய்விடுவாளே என்று அழுதேன்.

சங்கரன்கோவிலில் பஸ் ஏறி, திருநெல்வேலியில் ரயில் மாறி, பிறகு ஒரு வாடகை வண்டியில் தாமிரபரணி கடலில் விழும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கோவிலோ மண்டபமோ அங்கே கிடையாது. தாழம்புதர், சில பனைகள், கண் கூசும் மணல், ஓட்டை வலையைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்த ஒரு மீன்காரர். அவ்வளவுதான். அந்தக் கடல் ரங்கூன் வரைக்கும் போகிறது என்று யாரோ சொன்னதுதான் அப்பாவுக்கு வேண்டியிருந்தது. வந்ததும் வராததுமாக அவர் ஆற்றைப் பார்த்து, “இம்புட்டுத் தண்ணியும் உப்புக்குள்ளயா போய் விழுது?” என்று வயிறெரிந்தார். மழைக்கு ஏங்கியே நரைத்துப்போனவர் வேறெப்படிப் பேசுவார்.

சித்தப்பா விட்டுப்போன வேட்டியைக் கொளுத்தி, சாம்பலை ஒரு சின்ன மண்கலயத்தில் கொண்டுவந்திருந்தோம். வழக்கமாகச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துவிடுவார்கள். அப்பாவுக்கு மனசு வரவில்லை. தம்பி சிதறிப் போகக் கூடாது, முழுசாகப் போகட்டும் என்று கலயத்தின் வாயைத் துணியால் இறுகக் கட்டி மெழுகு பூசியிருந்தார். கலயம் கடலுக்குள் போனதும் சித்தி முழுகித் தாலியைக் கழற்ற வேண்டும் என்பது ஏற்பாடு.

மீன்காரர் வலையைக் கீழே போட்டுவிட்டு வந்தார்.

“அண்ணாச்சி, இது ஏத்த நேரம். கடத்தண்ணி ஆத்துக்குள்ள ஏறுது. பொழுது சாய வத்தம் வரும், தண்ணி கடலுக்கு எறங்கும், அப்ப விடுங்க. தன்னால போயிரும்.”

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஆத்துத் தண்ணி மேல ஏறும்னு எங்கிட்ட சொல்லுதீரா வே? நான் மடையிலயே பொறந்து வளந்தவன்.”

மீன்காரர் வலைக்கே திரும்பிப் போனார்.

அப்பா இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கலயத்தை விட்டார். கொஞ்ச தூரம் போயிற்று. நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பி அப்பாவின் வயிற்றில் வந்து முட்டியது. அவர் தள்ளிவிட்டார். மறுபடியும் வந்தது. இன்னும் உள்ளே போய் விட்டுப் பார்த்தார். அவரைத் தாண்டி, வந்த வழியே ஆற்றின் மேல்பக்கமாகப் போய்க் கரையில் ஒதுங்கியது. அப்பா அதை இரண்டு கையாலும் எடுத்து அணைத்துக்கொண்டு அப்படியே ஈரமணலில் உட்கார்ந்துவிட்டார். அப்பா அழுது நான் பார்த்தது அன்றுதான்.

“தம்பி உசுரோட இருக்கான். அதான் போக மாட்டேங்கான்.”

அம்மா ஓடிப்போய்ச் சித்தியைக் கட்டிக்கொண்டாள். முந்தானையில் முடிந்திருந்த குங்குமத்தை எடுத்து அவள் நெற்றியில் அப்பினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மணலில் குதித்தேன்.

சித்தி அப்பாவிடம் நேராகப் பேசவே மாட்டாள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அம்மா வழியாகத்தான். அன்றைக்கு அப்பாவின் முன்னால் போய் நின்றாள்.

“மச்சான், அந்த மனுசர் சொன்னாருல்லா. பொழுது சாயுத வரைக்கும் இருந்து பாப்பமே.”

“திரும்பத் திரும்ப வாரவன நான் புடிச்சுத் தள்ளவா தாயி?” என்றார் அப்பா.

கரிவலம்வந்தநல்லூர்க்காரருக்கு வேண்டாமென்று ஆள் அனுப்பிச் சொல்லிவிடலாம் என்று அம்மா சொன்னதும் சித்தி காதில் விழாதவள்போல் நின்றாள்.

கட்டுச்சோற்றை அவிழ்த்துச் சாப்பிட்டோம். அப்பா ஆற்றுக்கு முதுகைக் காட்டி, கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டி பூட்டும்போது வெயில் தாழ்ந்திருந்தது. கரையோரம் கிடந்த நுரையும் செத்தையும் ஒவ்வொன்றாகக் கிளம்பிக் கடலைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தன. ஆறு நன்றாக ஓட ஆரம்பித்துவிட்டது. அதைச் சித்திதான் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா இரண்டு தடவை கூப்பிட்ட பிறகே வண்டியில் ஏறினாள்.

நான் அவள் மடியில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

“சித்தி, இனிமே நீ எங்கயும் போக மாட்டேல்லா?”

“இல்ல மக்கா. எங்கயும் போகல.”

அதைவிடச் சந்தோஷமான பதில் எனக்கு உலகத்தில் இல்லை. அவளுக்கும் அதைச் சொல்வது சந்தோஷமாகத்தான் இருக்கும் என்று நினைத்து, ரயில் ஏறும் வரைக்கும் திரும்பத் திரும்ப அதையே கேட்டுக்கொண்டு வந்தேன். அவளும் ஒவ்வொரு தடவையும் சொன்னாள்.