குங்குமம் பூசிய சிடி

மலாக்கா காஜா பெராங்கில் எங்கள் வீட்டு வரிசையில் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வாங்கியவன் நான். சிடி எழுதும் கருவியும் சேர்த்து வாங்கியிருந்தேன். அந்தத் திமிர் இறங்க ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

மெர்டேக்கா என்கிற சுதந்திர மாதம் வந்தால் மலாக்காவில் ஒரு டேவானில், அதாவது மண்டபத்தில், பாட்டுப் போட்டி வைப்பார்கள். ஜெயித்தவர் வானொலியில் பாடலாம். என் அக்காவுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே அந்தக் கிறுக்கு. கல்யாணமாகிச் செமாபோக்கில் புருஷன் வீட்டுக்குப் போனபிறகு அவள் மாமியார் வாயைத் திறக்க விடவில்லை. முப்பத்தைந்து வயதைத் தாண்டினால் போட்டியில் சேர்க்க மாட்டார்கள். அக்காவுக்கு அந்த வருஷம் சரியாக முப்பத்தைந்து. கெஞ்சி, அழுது, இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து அனுமதி வாங்கினாள். "ஒரே தடவதான். அப்புறம் பாட்டு கீட்டுன்னு பேச்சு வரக்கூடாது" என்றாராம் மாமியார்.

மேடையில் வாத்தியக்காரர்கள் கிடையாது. பின்னணி இசையை நாமே சிடியில் கொண்டுபோக வேண்டும். தெரிந்த கீபோர்டுக்காரர் ஒருவர் அக்காவின் சுருதிக்கு இசை அமைத்து, டிஸ்கெட்டில் மிடி ஃபைலாகக் கொடுத்தார். மிடி ஃபைலில் சத்தமே இருக்காது. எத்தனையாம் நம்பர் வாத்தியம், எந்தச் சுரம், எவ்வளவு நேரம் என்ற உத்தரவு மட்டும்தான், சமையல் குறிப்பு மாதிரி. அதைக் காதால் கேட்கிற ஒலியாகக் கம்ப்யூட்டரில் மாற்றிச் சிடியில் எழுதுவது என் வேலை.

"தம்பி, தபேலா, புல்லாங்குழலெல்லாம் என் கீபோர்டுல நானா ஏத்தி வெச்சது. உன் கம்ப்யூட்டர்ல அந்த நம்பருக்கு வேற என்னாச்சும் இருக்கும். மாத்துனப்புறம் கடைசி வரைக்கும் கேட்டுப் பாத்துடு லா" என்றார் அவர்.

எனக்கேவா பாடம்! "அதெல்லாம் எனக்குத் தெரியும்ணே" என்று டிஸ்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

போட்டியன்று மதியம் மாற்றினேன். ஆரம்பத்தில் வரும் வயலினை இருபது நொடி கேட்டேன். அமிர்தம்! மிச்சத்தையும் கேட்க நாலு நிமிஷம் ஆகியிருக்கும். அந்த நாலு நிமிஷத்தில் சிடியின் மேல் "ஒலிமாற்றம்" என்று போட்டு, என் பெயரைப் பச்சை மார்க்கரில் பெரிதாக எழுதினேன். அக்கா பெயருக்கு இடம் போதவில்லை.

அம்மா அதை வாங்கிச் சாமிமேடையில் வைத்தார். வீட்டுக்கு மிக்ஸி வந்தாலும் மோட்டார் சைக்கிள் வந்தாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் விடமாட்டார். சிடிக்கும் வைத்தார். என் பெயர் ஒரு பக்கத்தையே அடைத்துக்கொண்டதால், பளபளவென்று காலியாக இருந்த மறுபக்கத்தில் தாராளமாக வைத்தார்.

சாயங்காலம் ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் எடுத்த புதுச் சேலையில் அக்கா மேடையேறினாள். மாமியார் முதல் வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிடி ஓடவில்லை. மைக்செட்காரர் அதை வெளியே எடுத்துத் திருப்பிக் காட்டினார். சந்தனமும் குங்குமமும் அப்பிக் கிடந்ததைப் பார்த்து டேவானே சிரித்தது.

நான் சும்மா இருந்தேனா? எழுந்து நின்று, "படிக்காத புத்தியக் காட்டிட்டீங்களேம்மா! சிடிக்கு யாராச்சும் பொட்டு வைப்பாங்களா? எல்லாத்தயும் ரோசாக் பண்ணிக் கெடுத்துட்டீங்க!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினேன்.

அம்மா எழுந்தார். மேடைப் பக்கம் போய்ச் சிடியை வாங்கி, முந்தானையைத் தண்ணீரில் நனைத்து, பொட்டுக்கூட மிச்சமில்லாமல் துடைத்துக் கொடுத்தார்.

இந்தத் தடவை ஓடியது. வயலின் வந்தது. நான் அக்கம்பக்கம் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டேன். அக்கா பல்லவியை எடுத்தாள். தபேலா வரவேண்டிய இடத்தில் டெலிபோன் மணி அடித்தது. தாளம் தப்பாமல் அடித்துக்கொண்டே இருந்தது. புல்லாங்குழல் வரவேண்டிய இடத்தில் ஹெலிகாப்டர் வந்து இறங்கியது.

"யாராச்சும் போன எடுங்கய்யா!" என்றான் பின்வரிசைக்காரன் ஒருவன்.

அக்கா சரணம்வரை விடாமல் பாடினாள். அப்புறம் பாட்டை நிறுத்திவிட்டாள். மாமியார் எழுந்து, "போலாமா?" என்றார். அக்கா மைக்கை வைத்துவிட்டு அவர் பின்னாலேயே போனாள். அதற்குப் பிறகு அவள் பாடி நான் கேட்டதில்லை. பிள்ளைகளைத் தூங்கவைக்கும்போதுகூட வெறுமனே தட்டிக்கொடுப்பாள்.

காரில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அம்மா ஈர முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னார்:

"நல்ல வேளடா, தொடச்சுக் குடுத்தேன். அந்தக் குங்குமம் அப்படியே இருந்திருந்தா, உங்கக்கா பாட்டு என்னாலதான் போச்சுன்னு நான் சாவுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்திருப்ப."