துருவித் துருவி

என் கையிலிருந்த கேள்வித்தாளை அந்த அக்கா வெடுக்கென்று பிடுங்கித் திருப்பிப் பார்த்ததுதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. பின்பக்கம் ஒன்றும் இல்லை. "அப்ப மார்க்கு எங்க போடுவ?" என்று கேட்டார். கரியமாணிக்கம் ஊர்க்காரர், கரும்பு வெட்டப் போகிறவர், என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர்.

அப்போது நான் உளவியல் படித்துவிட்டு ஒரு தொண்டு நிறுவனத்தில் தற்காலிக வேலையில் இருந்தேன். கூலி வேலைக்குப் போகும் பெண்களுக்கு மோட்டார் பழுதுபார்க்க ஆறு மாதப் பயிற்சி. முடித்தால் திருவாண்டார்கோயில் பக்கம் கம்பெனி வேலை. நாற்பது பேர் வந்திருந்தார்கள், இடம் பன்னிரண்டு. அறியும் ஆவல் யாருக்கு அதிகமோ அவர்கள்தான் மெஷின் வேலையைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள் என்று மேலதிகாரி முடிவு கட்டிவிட்டார். அந்தப் பண்பை அளக்கும் ஆங்கிலக் கேள்வித்தாளைத் தமிழில் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. 'அறியும் ஆவல்' என்று வீட்டில் யார் பேசுகிறார்கள்? ஊர்ப்பேச்சில் எழுதுகிறேன் பேர்வழி என்று, 'எதையும் துருவித் துருவிக் கேட்பேன்' என்று போட்டேன். என்ன சாமர்த்தியம் என்று என்னையே மெச்சிக்கொள்ளவும் செய்தேன்.

இனிமேல் குனிந்து கரும்பு வெட்ட இடுப்பு ஒத்துழைக்காது, இந்த இடம் கிடைத்தே ஆக வேண்டும் என்று அக்கா வந்ததுமே சொல்லிவிட்டார். நான் ஒவ்வொரு வாக்கியமாகப் படிக்க, 'எப்போதும்' முதல் 'ஒருபோதும் இல்லை' வரை ஐந்தில் ஒன்றை அவர் சொல்ல வேண்டும். துருவித் துருவிக் கேட்பேன் என்று படித்ததும், "சீ, அந்தப் பழக்கம்லாம் நமக்குக் கெடையாது" என்றார். புதிதாக வந்தவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள நினைப்பேன் என்றதற்கு, அடுத்த வூட்டு வம்பு தனக்கு எதற்கு என்றார். எல்லாவற்றுக்கும் 'ஒருபோதும் இல்லை'. நடுநடுவே, எதற்கு ஐந்து கட்டம், நான்கு போதாதா என்று என்னைக் குடைந்தெடுத்தார். நான்காவதாகக் கேட்டதையே பதினொன்றாவதில் வார்த்தையை மாற்றிக் கேட்கிறாயே, நான் பொய் சொல்கிறேனா என்று பார்க்கவா என்றும் கேட்டார். அந்தத் தந்திரம் எங்கள் வகுப்பிலேயே பாதிப் பேருக்குப் பிடிபட்டதில்லை.

கூட்டிப் பார்த்தால் நாற்பது பேரில் கடைசி மதிப்பெண் அவருக்கு. எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே 'எப்போதும்' என்றவர்கள் மேலே போய்விட்டார்கள். எனக்கு உறுத்தியது. ஆனாலும் பட்டியலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பட்டியல் ஒட்டிய அன்று அவர் நேராக என் மேசைக்கு வந்தார். அழவில்லை, சண்டையும் போடவில்லை. இன்னா கேட்டாய், நான் இன்னா சொன்னேன் என்று காட்டச் சொன்னார். காட்டினேன். துருவிக் கேட்பது கெட்ட பழக்கம் என்று நினைத்து அவர் மறுத்ததை எல்லாம், எதையும் தெரிந்துகொள்ள ஆசையில்லாதவரின் பதிலாக நான் எண்ணிவிட்டதைச் சொன்னேன்.

"அப்ப தப்பு என் பதில்லயா, உன் கேள்விலயா?"

"என் கேள்வியிலதான்க்கா."

"அப்ப மார்க்கு உனக்குத்தான கொறையணும்?"

எழுந்து மேலதிகாரி அறைக்குப் போனேன். பட்டியலைக் கிழியுங்கள், நாற்பது பேரையும் மறுபடி பார்க்க வேண்டும் என்றேன். பயிற்சி தொடங்க ஒரு வாரம்தான் இருக்கிறது, தவறு உன்னுடையது என்று அறிக்கையில் எழுதுவேன், அதன்பின் இங்கே உனக்கு வேலை இருக்காது என்றார். எழுதுங்கள் என்றேன். எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியாது.

ஒரு பழைய மிக்ஸியைப் பிரித்துப் பையில் போட்டுக்கொண்டு நான்கு நாள் ஸ்கூட்டியில் ஊர் ஊராக அலைந்தேன். இம்முறை நான் கேள்வியே கேட்கவில்லை. மிக்ஸியை முன்னால் வைத்து, கால் மணி நேரத்தில் அவர்கள் கேட்டதை எல்லாம் அப்படியே எழுதிக்கொண்டேன். கரியமாணிக்கத்தில் அக்கா கேட்டதை எழுதி எழுதி எனக்குக் கை வலித்துவிட்டது.

அதிகம் கேட்ட பன்னிரண்டு பேரில் அக்காவின் பெயரும் வந்தது. சொன்னபடியே என் வேலை போனது. இப்போது ஒரு கல்லூரியில் இதே பண்பை அளக்கத் தமிழிலேயே ஒரு அளவுகோல் செய்துகொண்டிருக்கிறேன். யாரை அளக்கப் போகிறோமோ அவர்களுக்குப் படித்துக் காட்டாமல் ஒரு வாக்கியத்தையும் சேர்ப்பதில்லை. எத்தனை வருடம் ஆனாலும் ஆகட்டும்.

அன்றைக்கு மிக்ஸியைப் பற்றிக் கேட்டு முடித்த பிறகும் அக்கா எழுந்து போகவில்லை. கால் மணி நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது.

"உன் வேல போவுதாமே. இனிமே இன்னா பண்ணுவ?"

நாற்பது பேரில் அதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். தெரியலக்கா என்றேன். பிறகு பேனாவை எடுத்து, அவர் கேட்ட மற்றக் கேள்விகளுக்குக் கீழே அதையும் எழுதிக்கொண்டேன்.