ஏழாம் மேசை

வகுப்பறைக் கணினிகளைக் கண்காணிக்கும் மென்பொருளைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் வழியில் இருந்த ஒரு தமிழ்ப் பாடசாலையில் அதைப் பொருத்தியவளே நான்தான். அதனால் இந்தக் கோபத்தில் பாதி என் மேலேயே விழும். விழட்டும்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. ஏதோ ஒரு திட்டத்தில் எங்களுக்குப் பிள்ளைகளுக்கென்று இருபதும் ஆசிரியருக்கு ஒன்றுமாகக் கணினிகள் வந்தன. மனையியல் பாடம் நடந்த அறைக்கு வெள்ளையடித்து, ஜன்னலுக்குக் கம்பி போட்டு, அதில் வைத்தோம். நான் உயர்தர வகுப்புக்கு வணிகம் படிப்பிப்பவள். சில வாரப் பயிற்சி ஒன்றுக்குப் போய்வந்த குற்றத்துக்காக அந்த அறையின் சாவி என் கைக்கு வந்தது. பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் தேயிலைத் தோட்டத்து லயங்கள் என்ற வரிசை வீடுகளிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். மவுஸை எப்படிப் பிடிப்பது என்று அவர்களுக்குக் காட்டி முடிக்கவில்லை. அதற்குள் அந்த மவுஸ் எங்கெல்லாம் போகிறது என்று உளவு பார்க்க வலயக் கல்விப் பணிமனையிலிருந்து ஒரு சி.டி. வந்துவிட்டது.

அதைப் பொருத்த எனக்கு மூன்று நாள் போயிற்று. ஆசிரியரின் கணினியில் இருபது பிள்ளைகளின் திரைகளும் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரியவேண்டும். முதல் நாள் ஒரே ஒரு கட்டம்தான் தெரிந்தது. இருபதையும் ஒரே வட்டிலிருந்து பிரதி எடுத்துத் தந்திருந்தார்கள், அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். ஒவ்வொன்றாக உட்கார்ந்து 01, 02 என்று இருபது வரை பெயர் வைத்தேன். அப்படியும் ஆறு கணினிகள் முகம் காட்டவில்லை. ஐந்தில் ஃபயர்வால் என்ற பாதுகாப்புச் சுவர் வழி மறித்தது. ஆறாவதில் வயரை எலி கடித்திருந்தது. எல்லாம் சரியானதும், எந்தக் கட்டம் எந்த மேசை என்று தெரிவதற்காக, எண்களை எழுதி ஒவ்வொரு திரையின் மேலும் ஒட்டினேன். அப்போது எனக்கு என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இருந்தது.

எங்கள் பாடசாலை அதிபருக்கு அந்தக் கட்டங்கள் ரொம்பப் பிடித்துவிட்டன. வகுப்பு நடக்கும்போது வந்து என் நாற்காலியில் அமர்ந்துகொள்வார். எல்லாத் திரைகளையும் ஒரே அழுத்தில் கறுக்க வைக்கும் பொத்தானைக் காட்டிக் கொடுத்த நாளில் அவர் சிரித்ததைப் போல, அதற்கு முன்னும் பின்னும் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அவரும் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்தான். அதுதான் எனக்கு இன்னும் ஆறாத ஆத்திரம்.

அந்த வருடம் நவராத்திரி வந்தது. சரஸ்வதி பூசைக்குப் புத்தகம், ஆய்வுகூடத் தராசு, சங்கீத அறையின் ஆர்மோனியம் எல்லாவற்றையும் மண்டபத்தில் அடுக்குவது எங்கள் வழக்கம். கணினி மட்டும் என்ன பாவம் செய்தது என்று யாரோ கேட்க, பிள்ளைகள் மேசைக்கடியில் இருந்த கணினிப் பெட்டிகளைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். கனமான திரைகளை அப்படியே விட்டுவிட்டார்கள். நானே முன்னின்று பெட்டிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். விஜயதசமிக்கு மறுநாள் மாணவத் தலைவர்கள் பெட்டிகளைக் கொண்டுவந்து மாட்டினார்கள். எல்லாம் வேலை செய்தன. நானும் திருப்தியாகக் கதவைப் பூட்டினேன்.

அதற்குப் பிறகு நடந்த முதல் வகுப்பிலேயே அந்தச் சம்பவம். அதிபர் என் நாற்காலியில். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஏழாவது கட்டத்தில் திடீரென்று ஓர் அசிங்கமான படம். அதிபர் பொத்தானை அழுத்தினார். அறையிலிருந்த எல்லாத் திரைகளும் கறுத்தன.

"ஏழாம் நம்பர்ல யாரு?"

நான் இருக்கைப் பட்டியலைப் பார்த்துப் பெயரைச் சொன்னேன். பசறைக்கு அப்பால் உள்ள ஒரு தோட்டத்துப் பிள்ளை. எழுந்து நின்றாள்.

"நான் விரிதாள்தான் சேர் செஞ்சுக்கிட்டு இருந்தேன்."

"மெசின் பொய் சொல்லுமா?" என்றார் அதிபர். என் பக்கம் திரும்பி, "எல்லாத்தையும் நிப்பாட்டுங்க டீச்சர்" என்றார். நானும் நிப்பாட்டினேன். யார் திரையில் என்ன இருந்தது என்பதற்கு இருந்த ஒரே சாட்சியும் அதோடு போயிற்று.

மறுநாள் காலைக்கூட்டத்தில் அவர் பெயர் சொல்லவில்லை. "தோட்டத்திலேருந்து பஸ்ல வர்ற ஒரு வணிக வகுப்பு மாணவி" என்றார். உயர்தரம் வரை வந்து, அந்த வகுப்பில் இருந்த தோட்டத்துப் பெண் பிள்ளைகள் மூன்றே பேர். மற்ற இருவரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள், அவ்வளவு போதாதா? அவளுடைய அப்பா தொழிற்சாலையில் தேயிலை காயவைக்கும் பகுதியில் வேலை செய்பவர். வேலையை விட்டுவிட்டு வந்து அலுவலகத்துக்கு வெளியே ஒரு மணி நேரம் நின்றார். பிள்ளையை வகுப்பிலிருந்து நீக்குவதாகவும், நற்சான்றிதழில் இதை எழுதுவதாகவும் அதிபர் சொன்னார். அப்படி ஒரு வரி ஏறிவிட்டால் ஆசிரியர் கல்லூரி, வங்கி, அலுவலகம் எல்லாம் அதோடு சரி. அப்பா மகளின் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு அவளைக் கூட்டிப் போனார்.

இரண்டு நாள் கழித்து, இருபது கணினிகளிலும் வைரஸ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தியமாக அந்தப் பிள்ளைக்காக இல்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். என் கணினியிலிருந்து ஏழாம் எண்ணுக்குச் சோதனையாக ஒரு செய்தி அனுப்பினேன். ஏழாம் மேசையில் ஒன்றும் வரவில்லை. அந்தச் செய்தி பதினாறாம் மேசையின் திரையில் வந்து நின்றது. குனிந்து மேசைக்கடியில் பார்த்தேன். பெட்டியின் மேல் நான் வைத்த சந்தனம் காய்ந்துபோய் இருந்தது.

நான் வைத்த பெயர் பெட்டிக்குள் இருந்தது, ஒட்டிய எண் திரையின் மேல் இருந்தது. பூசைக்குப் போய்வந்த பெட்டிகளை யார் எந்த மேசையில் மாட்டினார்களோ, யாருக்குத் தெரியும்? ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். பதினொரு பெட்டிகள் இடம் மாறியிருந்தன. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று பதினாறாம் மேசையில் இருந்தவன் பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளரின் மகன். அந்த அறைக்கு ஜன்னல் கம்பி போட்டுக் கொடுத்ததே அவர்தான். அதிபரை அழைத்து வந்து செய்தியை அனுப்பிக் காட்டினேன். அன்று அந்த மேசையில் யார் இருந்தான் என்பதையும் சொன்னேன்.

"இது என்ன, சாப்ட்வேர்தானே டீச்சர். பிழை விடாதா?" என்றார்.

மூன்று நாளுக்கு முன்னால் பொய்யே சொல்லத் தெரியாத மெசின், செயலாளர் மகனிடம் வந்ததும் பிழை விடப் பழகிக்கொண்டது. எனக்கு வாயில் வந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டு, "அப்ப அந்தப் புள்ள?" என்று மட்டும் கேட்டேன்.

"பேசாம வரச் சொல்லுங்க. நானும் எதையும் எழுதல. மறந்துருவோம்."

மறந்துவிடுவாராம்! யார் எதை மறப்பது? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். அந்தப் பிள்ளை லயத்து வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள். அப்பா நாற்காலி கொண்டுவந்து போட்டுவிட்டு, தான் நின்றுகொண்டே கேட்டார். பெட்டி மாறிய கதையை முழுவதும் சொன்னேன். நாளைக்கே பிள்ளையை அனுப்புங்கள் என்றேன்.

"மன்னிச்சுட்டோம்னு வரச் சொல்றீங்களா டீச்சர், இல்ல செய்யலன்னு வரச் சொல்றீங்களா?"

"செய்யலன்னுதான்."

"அப்ப அத அங்க வச்சே சொல்லச் சொல்லுங்க. அவ்வளவு பேருக்கு முன்னால சொன்னாங்கள்ல."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. நான் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். அதிபர் சொல்லமாட்டார் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

திங்கட்கிழமை காலைக்கூட்டம். தேவாரம் முடிந்ததும், அதிபர் எழுவதற்கு முன் ஒலிவாங்கியை நான் எடுத்துக்கொண்டேன். அவளுடைய பெயரைச் சொன்னேன். அவள் எந்தத் தவறும் செய்யவில்லை, கணினிப் பெட்டிகள் மாறியிருந்ததைக் கவனிக்காதது என்னுடைய தவறு என்றேன். செயலாளர் மகனின் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வாய் வரை வந்தது. அதிபர் என்னைப் பார்த்த பார்வைக்கு அடுத்த வருடமே எனக்கு வந்த இடமாற்றக் கடிதம் பொருள் சொன்னது, அது இருக்கட்டும்.

வரிசையில் அவளைத் தேடினேன். இல்லை. பசறைப் பக்கத்து பஸ் வழக்கம்போலப் பிந்தியிருந்தது. பிந்தி வருகிறவர்களைக் கூட்டம் முடியும் வரை வெளியே நிறுத்தி வைப்பது எங்கள் பாடசாலையின் ஒழுங்கு. பூட்டிய கேட்டுக்கு வெளியே மற்றப் பிள்ளைகளோடு அவளும் நின்று ஒலிபெருக்கியில் கேட்டிருக்கிறாள்.

அன்று மூன்றாம் பாடத்துக்குக் கணினி அறைக்கு வந்தாள். எண்களையெல்லாம் நான் பெட்டிகளில் மாற்றி ஒட்டியிருந்தேன். அதை அவளிடம் சொன்னேன். இனி இப்படி நடக்காது என்றும் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு ஏழாம் மேசையைப் பார்த்தாள். பிறகு என் மேசையைப் பார்த்தாள்.

"டீச்சர், நீங்க அங்கதான நின்னீங்க. அன்னைக்கு நான் எந்திரிச்சப்ப ஏன் என் பக்கம் வந்து பாக்கல?"

என் மேசையிலிருந்து அவள் மேசைக்கு நாலு எட்டு. திரை கறுப்பதற்கு முன்னால் இல்லாவிட்டாலும், கறுத்த பிறகாவது போய் அவள் முகத்தைப் பார்த்திருக்கலாம். நான் இருக்கைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.