அண்ணன் இஞ்சினில் கரண்ட் இல்லை

அண்ணனை எரித்த மறுநாள் காலையில் சாம்பலை வாங்கிக்கொண்டு நாங்கள் நேராகப் போர்ட்டிக்சன் கடலுக்குப் போயிருக்க வேண்டும். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். வேன்கூட ஸ்டார்ட் ஆகி நின்றது. முன்சீட்டில் பானையை மடியில் வைத்திருந்த அப்பாதான், வாடகைப் போட்டில் போகக் கூடாது என்றார். அண்ணனுக்குச் சொந்தமாகப் போட் இருக்கிறது, இஞ்சின் இருக்கிறது, யாரோ ஒருவனுடைய இஞ்சினில் அவன் எதற்குப் போகவேண்டும் என்று கேட்டார்.  வேன் தோட்டத்துக்கே திரும்பியது.

போட், போர்ட்டிக்சன் பக்கம் சி ரூசாவில், ஒரு மலாய்க்காரப் பெரியவர் வீட்டோரம் கவிழ்ந்து கிடந்தது. இஞ்சின் எங்கள் வீட்டில். கடற்கரையில் விட்டால் திருடிவிடுவார்கள் என்று ஒவ்வொரு ஞாயிறும் மீன் பிடித்து முடித்ததும் அண்ணன் அதைக் கழற்றிப் பழைய வேனில் போட்டு மலையேற்றிக் கொண்டுவருவான். எங்கள் தோட்டம் கோலா கிளாவாங் பக்கம். எந்தப் பக்கம் பார்த்தாலும் மலையும் செம்பனையும்தான். இங்கே போட் இஞ்சின் வைத்திருந்த ஒரே ஆள் அவன். மற்ற நாளெல்லாம் செம்பனைக் குலை லோரி ஓட்டுவான். அந்த மலை ரோட்டு வளைவில்தான் மோட்டார் சைக்கிளோடு போனான். அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு வரவில்லை.

இஞ்சினைப் பற்றி எழுத வரும்.

சாம்பல் பானையை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. அதனால் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் வைத்தோம். இஞ்சினும் அங்கேதான் மரச்சட்டத்தில் தொங்கியது. அண்ணனுடைய ஸ்பேனர் பெட்டியும் அங்கேதான். அம்மா பானைக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு வைத்தார். பெட்ரோல் டாங்கி இருக்கிறது என்று நான் சொன்னதும் விளக்கை எடுத்துவிட்டு டார்ச்லைட்டை ஏற்றி வைத்தார்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, ரஹாங்கில் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறையில் வேலை செய்கிறவர். இஞ்சினைக் கொட்டகைக்கு வெளியே எடுத்து, காற்றாடி இருக்கும் அதன் காலை நீல டிரம் தண்ணீரில் இறக்கி, கயிற்றைப் பிடித்து இழுத்தார். ஒன்றும் இல்லை. திரும்பத் திரும்ப இழுத்தார். இருமல்கூட வரவில்லை. உள்ளே போய்ப் பானையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மாப்ள, கோவிச்சுக்காத. பிளக் ஸ்பேனர மட்டும் எடுத்துக்கிறேன்."

பிளக்கைக் கழற்றினால் ஈரமாக இருந்தது. அப்படியென்றால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் வரவில்லை என்றார். அதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. கழற்றிய பிளக்கை அதன் வயரிலேயே மாட்டி, உலோகப் பக்கத்தை இஞ்சின் இரும்பில் ஒட்டிப் பிடிக்க வேண்டும். ஒருவர் கயிற்றை இழுக்க வேண்டும். பிளக் நுனியில் நீலமாக ஒரு பொறி தெறிக்கும். வெயிலில் பொறி தெரியாது என்பதால் மாமா, அப்பாவின் சாரோங்கைத் தலைமேல் போட்டுக்கொண்டு இஞ்சினோடு உள்ளே குனிந்தார். நான் இழுத்தேன். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றியபடி, சாரோங்குக்குள் இருந்து கெட்ட வார்த்தை வருவதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

புதுப் பிளக் போட்டோம். பொறி இல்லை.

சாவு வீட்டுக்கு வருகிறவர்களுக்கு என்ன பேசுவதென்று தெரியாது. கூடாரத்துக்குக் கீழே உட்கார்ந்து, கோப்பி குடித்து, தரையைப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் அவர்களுக்கு ஒரு வேலை கிடைத்தது. கோப்பி குடித்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு பின்பக்கம் போய், ஆளுக்கு நாலு தடவை கயிற்றை இழுத்துவிட்டு, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அழத் தெரியாத ஆம்பளைகளெல்லாம் நன்றாக இழுத்தார்கள். தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் வந்து, இஞ்சினுக்குள் பல்லி செத்துக் கிடக்கும் என்றார். வேறொருவர், செத்தவன் விருப்பப்பட்ட கறியைப் பக்கத்தில் படைத்தால் ஓடும் என்றார். அம்மா உடனே நெத்திலி சம்பல் வைத்தார். அது பானைக்கா இஞ்சினுக்கா என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை. ரெண்டுக்கும் நடுவில் வைத்தார்.

பூசாரி, பதினாறாம் நாள் கருமக்கிரியைக்குள் சாம்பலைக் கரைத்தே ஆகவேண்டும் என்று சொல்லியிருந்தார். அதைத் தாண்டினால் அண்ணனுக்கு நல்லதில்லை என்றார். அப்பா இஞ்சினைத்தான் பார்த்தார், பூசாரியைப் பார்க்கவில்லை.

மாமா காயிலைக் கழற்றினார். பிளக்குக்குக் கரண்ட் அனுப்புவது அதுதான். ஈரமாயிருக்கும் என்று முறத்தில் வைத்து, அம்மாவின் மோர் மிளகாய்க்குப் பக்கத்தில் காயப்போட்டார். ரெண்டு நாள் காய்ந்தது. மிளகாய் நன்றாக வந்தது. பொறி வரவில்லை. ரஹாங்கில் தேடி ஒரு பழைய காயில் வாங்கிவந்தார். அடுத்து, பொறியை எப்போது விடுவதென்று காயிலுக்குச் சொல்கிற கறுப்புப் பெட்டியை மாற்றினார். எதற்கும் அசையவில்லை. பதிமூணாம் நாள், பானையிடம் சொல்லிக்கொள்ளாமலே ஸ்பேனரை எடுத்தார். அவருக்கே மானப் பிரச்சினையாகிவிட்டது.

நான் மூணாம் பாரத்தோடு படிப்பை விட்டுச் சிரம்பானில் கையுறைத் தொழிற்சாலைக்குப் போனவள். அண்ணனோடு முன்பு ஞாயிற்றுக்கிழமைகளில் கடலுக்குப் போவேன். போட்டை ஓட்டக் கற்றுக்கொண்டேன். கிளப்புவது மட்டும் எப்போதும் அவன்தான். அதனால் அவன் என்ன செய்து கிளப்புவான் என்று நான் கவனித்ததில்லை. கழுதைபோல எத்தனையோ தடவை அந்தப் போட்டில் உட்கார்ந்திருந்தேன்.

பதினாலாம் நாள் சி ரூசா பெரியவருக்குப் போன் செய்து, போட்டைத் தயாராக வைக்க வேண்டாம், இஞ்சின் செத்துவிட்டது என்று சொன்னேன். அவர் மலாயில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். சிவப்பு கிளிப்பை மாட்டினீர்களா என்று.

எந்தக் கிளிப் என்றேன்.  அவர் பொறுமையாக விளக்கினார். ஓட்டுகிறவன் கையில் ஒரு கயிறு இருக்கும். கயிற்று நுனியில் கிளிப். கிளிப் இஞ்சினின் பொத்தானுக்கு அடியில் செருகியிருக்கும். ஆள் தண்ணீரில் விழுந்தால் கிளிப்பும் பிடுங்கிக்கொண்டு போகும், இஞ்சின் நிற்கும். கிளிப் இல்லாவிட்டால் யார் இழுத்தாலும் கரண்ட் வராது.

வீட்டையே புரட்டிப்போட்டோம். ஸ்பேனர் பெட்டி, வேன், தூண்டில் பை, அவன் கால்சட்டைப் பை எல்லாம் பார்த்தோம். கிடைக்கவில்லை. அப்புறம்தான் எனக்குப் போன் ஞாபகம் வந்தது. பெட்டியில் படுத்திருந்த அண்ணனைச் சொந்தக்காரர்கள் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். நான் அதுவரை ஒன்றையும் திறக்கவில்லை. திறந்து விரலால் பெரிதாக்கினேன். முகத்தைப் பார்க்காமல் கைக்குப் போனேன். வலது மணிக்கட்டில் கோயில் சிவப்புக் கயிறு. பழைய கயிறு அறுந்துபோனதும் அதில் கட்டியிருக்கிறான். அதிலே சின்னதாகத் தொங்குகிறது கிளிப்.

அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். மோதிரத்தையும் வாட்சையும் கழற்றும்போது இதையும் அவிழ்க்கப் போனார்களாம்.

"தாயத்துனு நெனச்சேன்டி. சாமி கயித்த அவுக்காதீங்கன்னு நாந்தான் சத்தம் போட்டேன்."

யாரும் அவரைத் திட்டவில்லை. அப்பா போனை வாங்கிப் படத்தைக் கிட்டத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப சாவிய அவனே கொண்டுபோய்ட்டான்," என்றார்.

ஐஸ்கிரீம் டப்பா மூடியில் நான் ஒரு துண்டை வெட்டினேன், குதிரை லாடம் மாதிரி. பொத்தானைத் தூக்கிப் பிடித்து அடியில் செருகினேன். மாமா நம்பவில்லை. தான் பதிமூணு நாளாகப் பார்த்த இஞ்சின், ஐஸ்கிரீம் மூடிக்கா பயப்படும் என்று சொல்லி, சாரோங் எல்லாம் எதற்கென்று பிளக்கை வெறுங்கையில் பிடித்துக்கொண்டார். நான் இழுத்தேன். மாமா தூக்கி எறிந்ததுபோலப் பின்னால் போய் மிளகாய் முறத்தில் உட்கார்ந்தார். தலைமுடியெல்லாம் மிளகாய். கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்தார்.

"வந்துருச்சு லா," என்றார், மெதுவாக.

முதலில் சிரித்தது அம்மா. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார். பாதியிலேயே அது அழுகையாக மாறியது. கூடாரத்தில் இருந்தவர்கள் எந்தப் பக்கம் சேர்வதென்று தெரியாமல் எழுந்து நின்றார்கள். பிளக்கை மாட்டி மறுபடி இழுத்ததும் இஞ்சின் கிளம்பி, டிரம் தண்ணீரை எல்லார்மேலும் அடித்தது. யாரும் நகரவில்லை.

பதினாறாம் நாள் விடிந்ததும் சி ரூசாவில் இருந்தோம். பொம்பளைப் பிள்ளை சாம்பலோடு போகக் கூடாது என்று அத்தை கடற்கரையில் தடுத்தார். அப்பா, "நீ ஓட்டுறியாக்கா?" என்று கேட்டார். அத்தை ஒதுங்கிக்கொண்டார். பூசாரி கடைசியாக, கரைத்துவிட்டு வரும்போது யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் அவன் போகமாட்டான் என்று சொல்லி அனுப்பினார்.

நான், அப்பா, மாமா. கரை சின்னதாகத் தெரிந்ததும் கியரை எடுத்துவிட்டேன். இஞ்சினை நிறுத்தவா என்று அப்பாவிடம் கேட்டேன்.

"நிப்பாட்டாத. அப்புறம் கெளம்பலனா?"

அதனால் அமைதியெல்லாம் இல்லை. அண்ணன் இஞ்சின் கடகடவென்று புகை விட்டுக்கொண்டிருக்க, அப்பா பானையைத் தண்ணீரில் சாய்த்து மெல்ல விட்டார். மாமா பூவைப் போட்டுவிட்டு, அந்தப் பக்கம் குனிந்து வாந்தி எடுத்தார். நான் போட்டைக் கரைக்குத் திருப்பினேன். மூணு பேரும் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஓடுகிற இஞ்சினின் பின்புறத்தில் ஒரு சின்ன ஓட்டையிலிருந்து தண்ணீர் பீச்சவேண்டும். வரவில்லை என்றால் சூடு ஏறி இஞ்சின் நின்றுவிடும். ஓட்டுகிறவன் அதை அடிக்கடி திரும்பிப் பார்க்கவேண்டும், வேறு வழி இல்லை. அண்ணன் எனக்குச் சொன்னது இது. அப்பாவுக்கும் சொல்லியிருப்பான் போலிருக்கிறது.

"தண்ணி வருதான்னு பாரு," என்றார் அப்பா, தலையைத் திருப்பாமல்.

பார்த்தேன். தண்ணீர் வந்தது. அதற்குப் பின்னால் செவ்வந்திப் பூவெல்லாம் எங்கள் அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வருதுப்பா என்றேன்.

கொஞ்சம் தள்ளி வந்ததும், "இப்ப பாரு," என்றார். பார்த்தேன். கரை வந்து சேரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார்.