வெறும் தாளில் வைத்த முத்திரை

துபாயின் அல் கூஸ் பகுதியில் ஒரு பழைய கிடங்குக்குள் எங்கள் கூடைப்பந்துப் பயிற்சிக்கூடம். நான் அங்கே பிசியோதெரபிஸ்ட். கோச் கனடாக்காரர், அங்கே கல்லூரி அணியில் தொடங்கி, குவைத், பஹ்ரைன் கிளப்புகள்வரை ஆடியவர். ஆறாத முழங்காலோடு அவரைத் தொடர்ந்து களத்தில் இறக்கியதில் முப்பது வயதிலேயே ஆட்டம் முடிந்தது. படியேற இன்றும் கைப்பிடி வேண்டும்.

ஆடத் தகுதி என்ற படிவத்தில் என் முத்திரை இருந்தால்தான் பிள்ளைகளைக் களத்தில் விடுவார்கள். அப்பா கைநாட்டு வைப்பவர். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். அந்த நீல வட்டத்துக்குள் என் பெயரையும் பட்டத்தையும் பார்க்கப் பார்க்க எனக்குச் சலிக்காது.

லீவில் ஊருக்குக் கிளம்பும்போது மேனேஜர் வெற்றுப் படிவக் கட்டு ஒன்றை நீட்டினார்.

“நீ வர்ற வரைக்கும் புள்ளைங்கள சும்மா ஒக்கார வைக்க முடியுமாம்மா? குத்திட்டுப் போ.”

மறுக்கத் தோன்றவில்லை. இருபது தாளிலும் குத்தினேன். திரும்பி வந்து மிச்சத்தைக் கேட்கவும் மறந்தேன்.

இறுதிப் போட்டிக்கு மூன்று நாள் முன்பு எங்கள் சிறந்த ஆட்டக்காரிக்கு முழங்கால் வீங்கியது. மளிகைக் கடைக்காரரின் மகள், பதினாறு வயது. ஸ்கேன் பார்க்காமல் ஆடக்கூடாது என்றேன். கோச் உடனே அவள் பெயரை அடித்துவிட்டார்.

போட்டியன்று புருவம் கிழிந்த இன்னொரு பிள்ளையோடு நான் கிளினிக்கில் இருந்தேன். அங்கே அணி பின்தங்கியிருக்கிறது, ஸ்பான்சர் முன்வரிசையில். ஸ்கேன் சரியாக வந்துவிட்டது என்று கோச்சிடம் சொல்லி மேனேஜர் நிரப்பிய படிவத்தைக் காட்டியிருக்கிறார். கோச் அவளை இறக்கினார். நான் வந்து சேர்ந்தபோது அவள் தரையில் கிடந்தாள். முழங்கால் தசைநார் முழுதாக அறுந்துவிட்டது.

கோச் தாளை என்னிடம் நீட்டினார். கையெழுத்து என்னுடையது இல்லை, ஆனால் வெறும் தாளில் முத்திரை வைத்தது நான்தான் என்றேன்.

“உன் முத்திரை என்பதால்தான் நான் போனில்கூடக் கேட்கவில்லை” என்றார். குரல் உயரவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆங்கிலம் தெரியாதவர்.

“ஆடக் கூடாதுன்னு நீதானம்மா சொன்ன? பொறவு யாரு எறக்கிவிட்டது?”

என்ன கேட்கிறார் என்றார் கோச். சொன்னேன். அவர் சற்றும் யோசிக்காமல், நான்தான் என்று சொல் என்றார்.

“கோச்தான் எறக்குனாராம், அக்கா” என்றேன்.

பத்து நாளில் கோச்சை வேலையைவிட்டு நீக்கி, விசாவை ரத்து செய்தார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.