அப்பாவுக்கு வந்த விறகு

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் ஊராருக்கும் வணக்கம். அப்பாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். நல்லதை மட்டும் எழுதினால் அப்பாவே சிரிப்பார். மூத்த மகளாக, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது கீழ்பென்னாத்தூரை ஒட்டிய இந்த ஊரில்தான். சிறுவயதிலேயே தகப்பனை இழந்தவர். நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுக் கையைச் சுட்டுக்கொண்ட பிறகு மர வியாபாரத்தில் இறங்கினார். ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்களை ஏலம் எடுத்து வெட்டி விற்றார். எங்களைப் படிக்க வைத்ததும் கட்டிக்கொடுத்ததும் அந்த மரங்கள்தான்.

ஆனால் ஏரியை மூன்று பாகமாகப் பிரித்து, ஒன்றை வெட்டினால் மற்ற இரண்டையும் தொட மாட்டார். கொக்கு கூடு கட்டியிருந்தால் குஞ்சு பறக்கும்வரை கோடரி எடுக்க மாட்டார். வெட்டிய இடத்தில் கன்று ஆள் உயரம் வரும்வரை ஆடு விடக்கூடாது என்பார். அதனால் ஆட்டுக்காரர்கள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. டவுனில் ஆசிரமம் பக்கம் ஒரு விடுதிக்குப் பந்தல் போடச் சவுக்குக் கால் இறக்கப் போனபோது, அங்கே தங்கியிருந்த ஒரு அம்மாள், மரம் வெட்டுவது பாவம் என்று வெகுநேரம் புத்தி சொன்னாராம்.

"பந்தக்கால இறக்கட்டுங்களா, திருப்பி எடுத்துட்டுப் போவட்டுங்களான்னு கேட்டேன். இறக்கிட்டுப் போங்கன்னுட்டாங்க" என்று அப்பா வந்து சொன்னதும், அம்மா அடக்க முடியாமல் சிரித்தார்.

எங்கள் ஊரில் யார் இறந்தாலும் விறகு ஏரியிலிருந்துதான் வரும். யாரும் காசு கேட்கக் கூடாது. கரையோரத்துப் பட்ட மரங்களை அப்பா அதற்கென்றே விட்டு வைப்பார்.

மாரியம்மன் கோயில் கோபுரம் விரிசல் விட்டபோது, கும்பாபிஷேகச் செலவுக்கு ஏரி மரம் முழுவதையும் வேரோடு விற்க ஊர்க்கூட்டம் முடிவு செய்தது. முன்னின்று பேசியவர் அப்பாவின் தம்பி, என் சித்தப்பா.

"வெட்டவே கூடாதுன்னு சொல்லலடா. நானே வெட்றவன்தான். ஒரே வெட்டா வெட்டாதீங்கன்றேன். நாளைக்கு ஒரு சாவு விழுந்தா விறகுக்கு எங்க போவீங்க?" என்று அப்பா கேட்டார்.

"ஆத்தா கோயில் காரியம் பேசற எடத்துல சாவுப் பேச்சு பேசறியே, நல்லாவா இருக்குது?" என்றார் சித்தப்பா. கூட்டமும் அதையே சொல்லி அப்பாவை உட்கார வைத்துவிட்டது. அபசகுனம் என்று பயந்து யாரும் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

வெளியூர்க்காரர் இயந்திரத்தோடு வந்தார். கூடுகள் குஞ்சுகளோடு விழுந்தன. கும்பாபிஷேகம் சிறப்பாகத்தான் நடந்தது. அப்பாவும் வரிசையில் நின்று தீர்த்தம் வாங்கிக்கொண்டார்.

அந்த வருஷ மழையில் வேர் பிடுங்கிய பள்ளங்களில் சேறும் தண்ணீரும் நிறைந்தன. கன்று ஏதாவது முளைத்திருக்கிறதா என்று பார்க்கப் போன அப்பா, பள்ளம் தெரியாமல் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. படுத்தவர் எழுந்திருக்கவில்லை. முதுகெல்லாம் புண். கடைசி நாட்களில் எங்களையே அடையாளம் தெரியவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

அப்பா போன அன்றும் மழை. ஏரியில் ஒரு குச்சி இல்லை. டவுனில் எரிவாயு மயானத்துக்குக் கொண்டு போகலாம் என்றார்கள். "அவரு ஏரிக்கரையிலதான் போவணும்" என்று அம்மா ஒரே பிடியாக நின்றார். பிறகுதான் நீங்கள் ஒவ்வொருவராக வந்தீர்கள். பழைய கதவு, உடைந்த கட்டில், அடுப்புக்கு வைத்திருந்த விறகு. முகம் கொடுத்துப் பேசாத ஆட்டுக்காரர்கள் பட்டி அடைக்கும் படல்களைத் தூக்கி வந்தார்கள். சித்தப்பா தன் மாட்டுக்கொட்டகைக் கால்களைப் பிடுங்கி வந்தார். கூரை சரிந்து, அவருடைய மாடுகள் அன்று மழையில் நின்றன.

வீட்டில் இருந்ததை எடுத்துத் தந்த உங்கள் அனைவருக்கும், அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்துப் புண் துடைத்த அத்தைக்கும், இதையெல்லாம் மறைக்காமல் எழுது என்று சொன்ன சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அப்படிச் சொன்ன அன்று சித்தப்பா இன்னொன்றும் கேட்டார். "எங்க அண்ணனுக்கு ஊரே கொண்டாந்து போட்டுச்சி. எனக்குப் போட விறகு எங்க இருக்குதும்மா?"

எங்கள் வாசலிலிருந்து பார்த்தால் ஏரி தெரியும். இருவரும் அந்தப் பக்கம் பார்க்காமலே உட்கார்ந்திருந்தோம்.